என் மேல் அடித்தது பூண்டு வாசம்

வார்டன் மேடம், நீங்கள் என் அப்பாவிடம் பொய் சொன்னீர்கள்.

"உங்க பொண்ணு மருந்து குடிச்சிட்டா, உடனே கிளம்பி வாங்க" என்று போனில் சொன்னீர்கள். எங்கள் மலையில் மருந்து என்றால் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து. நான் அதைக் குடிக்கவில்லை. அப்போது உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உங்களுக்கும் சொன்னார்கள். அதற்கு மேலும் நீங்கள் வாயைத் திறந்து மாற்றிச் சொல்லவில்லை. அதனால் அதைப் பொய் என்றுதான் சொல்வேன்.

என் பெயர் செல்வராணி. ஊர் கிளாவரை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டி வந்தால் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர். எங்களுக்குப் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விவசாயம். நான் படித்தது மலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரி. பெயர் எழுதவில்லை. எனக்குக் கல்லூரியோடு சண்டை இல்லை, ஒரு ஆளோடுதான் சண்டை. அவர் இதைப் படித்தால் அவருக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றுமே இல்லை, நன்றாக இருந்தவளைப் பிடித்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இருந்தது. மூன்றாம் வருடம் ஆரம்பித்ததிலிருந்தே தூக்கம் சரியில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், அர்த்தம் ஏறாது. உட்கார்ந்திருக்கும்போதே காரணமில்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்கும். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டும். இதை யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நெஞ்சு அடிக்கிறது என்று சொன்னால், அம்மா பச்சைப் பூண்டைத் தேனில் போட்டுக் கொடுத்து அனுப்புவார். அனுப்பினார். காலையில் வெறும் வயிற்றில் தின்னச் சொன்னார். தின்றேன். ஹாஸ்டலில் என் பட்டப்பெயரே பூண்டுதான். என் அறையில் இருந்த ஷீபாகூட "பூண்டு, தள்ளிப் படுடி" என்பாள். கோபம் வராது. உண்மை அது. எங்கள் வீட்டில் பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி தலைக்கு மேலே தொங்கவிடுவோம். அதற்குக் கீழேதான் எங்கள் துணியும் காயும். எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாசம் போகாது.

மாசியில் பூண்டு பிடுங்கும்போது நான் ஊருக்குப் போனேன். அந்த நேரத்தில் மழை இறங்கினால் பூண்டு மண்ணுக்குள்ளேயே கெட்டுவிடும். வீட்டில் கையும் காலும் இருக்கிற எல்லோரும் காட்டில் நிற்க வேண்டும். வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் வழியில் மண் சரிந்து பஸ் வரவில்லை. வருகைப் பதிவு குறைந்தது. குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்று வகுப்பில் சொன்னார்கள். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏலே, முடியலன்னா பெட்டியக் கட்டிட்டு வா. இங்க பூண்டு தரம் பிரிக்க ஆளில்லாம கெடக்கு."

நானும் சிரித்தேன். அப்பா எப்போதும் இப்படித்தான் பேசுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏலேதான். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்தபோதுகூட "ஏலே, வாத்தியாரு தூக்கத்துல போட்டுட்டாரா" என்றுதான் கேட்டார். இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இங்கேதான் வரப் போகிறேன்.

அதே மாதம் கல்லூரியில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பேசினார். பதற்றம் வந்தால் ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள் என்றார். எல்லோரும் சேர்ந்து இழுத்து விட்டோம். பிஸ்கட் கொடுத்தார்கள். எங்களை அனுப்பிவிட்டு வார்டன்களுக்குத் தனியாக ஒரு பயிற்சி நடந்தது. அதில் என்ன சொன்னார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஹால் டிக்கெட் கொடுத்த அன்று காலையில் வழக்கம்போல் தேன்பூண்டு தின்றுவிட்டு, அம்மா கொடுத்த சால்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவளைக் கூப்பிட்டார்கள், பின்னால் இருந்தவளைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்றார்கள். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். கூட்டத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆழமாக மூச்சு இழுத்தேன். போதவில்லை. இன்னும் இழுத்தேன். வேகவேகமாக இழுத்தேன். உதடு மரத்துப்போனது. விரல்கள் தானாக உள்ளே மடங்கிக்கொண்டன. பிரித்தால் பிரியவில்லை. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். வாந்தி எடுத்தேன். ஷீபா கத்தினாள்.

நீங்கள் ஓடி வந்தீர்கள் மேடம். குனிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தீர்கள். உங்கள் முகம் மாறியது. "என்னத்தடி குடிச்ச?" என்று கேட்டீர்கள். தாடை இறுகிக் கிடந்தது. பேச்சு வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். காரில் போகும்போது உங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி என்மேல் போட்டீர்கள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். அதையும் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

பக்கத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. உள்ளே போனதும் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. "பூச்சிமருந்து குடிச்சிருக்கா டாக்டர், வாயில வாடை அடிக்குது." அங்கே இருந்த இளம் டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். என் கையைப் பிடித்திருந்த நர்ஸ் சொன்னார்:

"குடிச்சவங்க எல்லாரும் இல்லன்னுதாம்மா தலையாட்டுவாங்க."

அதற்கு மேல் ஆட்டி என்ன பயன்? மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள். அதில் தண்ணீரை ஊற்றி, வயிற்றைக் கழுவி, திரும்ப எடுக்க வேண்டும். விஷம் குடித்தவர்களைக் காப்பாற்றச் செய்வது அது. நான் திமிறினேன். இருமினேன். வாந்தி வந்தது. வயிற்றிலிருந்து வந்த தண்ணீரில் கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டது. பிறகு விஷத்துக்கு முறிவாக ஒரு ஊசி போட்டார்கள். விஷம் இல்லாத உடம்பில் அந்த ஊசி என்ன செய்யும் தெரியுமா? வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். கண் மங்கிவிடும். எதற்காகப் படியில் உட்கார்ந்து பயந்தேனோ, அதையே ஊசியில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஆம்புலன்சில் மலையை விட்டு இறக்கி, கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வளைவுக்கு வளைவு உடம்பு உருண்டது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் அப்பாவுக்குப் போன் போட்டீர்கள். அந்தப் போன்தான்.

அப்பா அப்போது உருளைக்கிழங்குக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முதுகில் டேங்க், கையில் மருந்து. அந்தக் கையோடு போனை எடுத்து, தன் மகள் மருந்து குடித்துவிட்டாள் என்ற சேதியைக் கேட்டிருக்கிறார். ஒரு காய்கறி ஜீப்பைப் பிடித்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, போட்டிருந்த சட்டையோடு வந்திருக்கிறார். வார்டு வாசலில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் மேல் மருந்து வாடை அடிக்கிறது, கழுவிவிட்டு வாங்க என்றார்கள். கைகழுவும் இடத்தில் அவர் ரொம்ப நேரம் நின்று கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். அம்மா பிறகு சொன்னார். நான் பார்த்தது மங்கலாக ஒரு உருவம் மட்டும். அது என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. தலைமாட்டுக்கு வரவில்லை.

அன்று ஒருவர் மட்டும்தான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா. டார்ச் அடித்து என் கண்ணைப் பார்த்தார். முதல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சீட்டைப் படித்தார். என்னவோ பொருந்தவில்லை போலிருக்கிறது. என் சால்வையை எடுத்து மோந்து பார்த்தார்.

"உங்க வீட்ல என்னம்மா விவசாயம்?"

அதற்குள் எனக்குப் பேச்சு வந்திருந்தது. பூண்டு என்றேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பூண்டு என்றேன். அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தார் மேடம். விஷம் என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டார். பூச்சிமருந்து குடித்தால் பூண்டு வாடை அடிக்கும் என்று வார்டன் பயிற்சியில் சொன்னார்கள் என்றீர்கள். சில மருந்துகளுக்கு அந்த வாடை உண்டுதான். ஆனால் பூண்டுக்கும் பூண்டு வாடை உண்டு. மலையில் கல்லூரி வைத்து, பூண்டு விளைகிற ஊரிலிருந்து வந்த பிள்ளைகளை வருடக்கணக்காக ஹாஸ்டலில் வைத்துக்கொண்டு, இது உங்களுக்குத் தோன்றவில்லை. ஷீபாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

எனக்கு வந்தது என்ன என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அதை இங்கே எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படட்டும். அதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். பயம் உடம்பில் ஏறி உச்சத்துக்குப் போவது. அப்போது வேகவேகமாக மூச்சு வாங்கினால், உடம்பில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். அதனால்தான் உதடு மரத்தது, விரல் மடங்கியது. பெரிதாக மூச்சு இழுப்பது அதற்கு வைத்தியம் இல்லை. இழுப்பதைக் குறைத்து, விடுவதை மெதுவாக, நீளமாக விட வேண்டும். கூட்டத்தில் பேசினவர் அந்தப் பாதியைச் சொல்லவில்லை. அல்லது சொல்லி எங்களுக்கு ஏறவில்லை.

படபடப்பு அன்றைக்கே அடங்கிவிட்டது. ஆனால் மறுநாள் காய்ச்சல் வந்தது. மூச்சு விட்டால் விலாவில் கத்தி வைத்த மாதிரி வலி. நுரையீரலுக்குள் போன தண்ணீரால் நிமோனியா. படியில் வந்த பயத்துக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கவே வேண்டியதில்லை. படுத்ததெல்லாம் உங்கள் வைத்தியத்துக்குத்தான். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கையில் ஊசி ஏறிக்கொண்டே இருக்கும், நரம்பு வீங்கினால் இடம் மாற்றிக் குத்துவார்கள். எக்ஸ்ரே எடுக்க வீல் சேரில் தள்ளிக்கொண்டு போய் நடைபாதையில் நிறுத்திவிடுவார்கள். காத்திருக்கும்போது வருகிறவர் போகிறவர் எல்லாம் அம்மாவிடம் என்ன நோய் என்று கேட்பார்கள். அம்மா சளி என்று சொல்வார். சொல்லிவிட்டு என் தலையைச் சீலையால் மூடுவார். அம்மாவும் நம்பியிருக்கிறார் என்று அந்த மூடுதலில்தான் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். என் வயதுதான். அவள் உண்மையாகவே குடித்தவள். பிழைத்துக்கொண்டாள். அவளிடமும் எல்லோரும் ஏன் குடித்தாய் என்றுதான் கேட்டார்களே ஒழிய, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். கொஞ்சம் பேசினோம். அவளைக் கேவலமாக நினைத்து, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று இதை எழுதவில்லை. நான் செய்யாததை நான் செய்ததாகச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மனநல டாக்டர் ஒருவரும் வந்து பார்த்தார். சாக வேண்டும் என்று தோன்றியதா என்று நேராகக் கேட்டார். இல்லை, தூங்க வேண்டும் என்றுதான் தோன்றியது என்றேன். எத்தனை மாதமாகத் தூக்கமில்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை அதை ஒருவரும் கேட்டதில்லை. கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார். வேளைக்குச் சாப்பிடு, ஒரு ஆளிடமாவது மனதில் இருப்பதைச் சொல்லிவிடு என்றார். கூட்டம் போட்டுப் பிஸ்கட் கொடுத்ததைவிட அது பத்து மடங்கு உதவியது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா அப்பாவைக் கூப்பிட்டார். அந்த மருந்து உடம்பில் போயிருந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் குறைந்திருக்கும், உங்கள் மகளுக்குக் குறையவில்லை, அவள் எதுவும் குடிக்கவில்லை என்றார். அப்பா கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் போனதும் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

"வயித்தக் கழுவி எடுத்ததுனாலதான ஒண்ணும் இல்லன்னு வருது?"

மறுநாள் நானே சொன்னேன். அப்பா, நான் குடிக்கல, சத்தியமா குடிக்கல என்றேன். சரிம்மா என்றார். நம்புறீங்களா என்றேன். நம்புறேம்மா என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "காலேஜ் மேடம் எதுக்கும்மா பொய் சொல்லப் போறாங்க? கூடவே வந்தவங்க, அழுதவங்க."

அதுதான் மேடம். படித்தவர், பெரிய இடத்தில் இருப்பவர், வெள்ளை வெளேரென்று சேலை கட்டியவர், அழுதுகொண்டே சொன்னால் எங்கள் அப்பாவுக்கு அது கல்வெட்டு. பெற்ற மகள் சத்தியம் செய்தாலும் அழியாது.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்திருந்தார்கள். மூன்று குழாய், மூன்று பந்து. வாயில் வைத்து இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். எனக்கு ஒன்றுதான் ஏறும். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் இழுக்கும்போது அவரும் மூச்சை இழுப்பார். இரண்டாவது பந்து ஏறிய அன்று "ஏறிருச்சு, ஏறிருச்சும்மா" என்று எழுந்து நின்றுவிட்டார். நான் வேண்டுமென்றே, இதென்னப்பா, பூண்டு மூட்டை தூக்குற ஆளு நான் என்றேன். பழைய அப்பாவாக இருந்தால், ஏலே, நீ தூக்குனது எந்த மூட்டை, கனவுலயா என்று கேட்டிருப்பார். இவர் சிரிக்கவில்லை. "நீ இனிமே ஒண்ணும் தூக்க வேண்டாம்மா" என்றார். அவர் ஏலே என்று கூப்பிடாததை அப்போதுதான் கவனித்தேன்.

ஷீபா பஸ் பிடித்து வந்தாள். எனக்குத் தலை சீவிவிட்டாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். முகம் மட்டும் சரியில்லை. என்னவென்று கேட்டதற்குச் சொன்னாள். காலைப் பிரார்த்தனையில் நீங்கள் மைக்கில் பேசினீர்களாம். நம் மாணவி ஒருத்தி தவறான முடிவெடுத்துவிட்டாள், அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று. பெயர் சொல்லவில்லையாம். கிளாவரை என்று சொன்னீர்களாம். கிளாவரையிலிருந்து உங்கள் ஹாஸ்டலில் என்னைத் தவிர எத்தனை பேர் இருந்தார்கள்? "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தாண்டி இருக்கேன், ஒருத்தியும் நம்ப மாட்டேங்குறா" என்றாள் ஷீபா. எங்கள் ஊர் வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த போகத்துக்கு வைத்திருந்த விதைப்பூண்டை விற்றுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்கள். அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசித் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேராகக் கல்லூரிக்குப் போனோம். முதல்வர் அறையில் நீங்களும் இருந்தீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவை நான் மேசையில் வைத்தேன். நீங்கள் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள், தெரியும் என்றீர்கள். "முடிஞ்சதைக் கெளறாதம்மா. உன் நல்லதுக்குத்தான் எல்லாம் செஞ்சோம்" என்றீர்கள். அந்த செமஸ்டர் போனது போகட்டும், இனி படிப்பைத் தொடர வேண்டுமென்றால் இவள் திரும்ப இப்படிச் செய்யமாட்டாள் என்று பெற்றவர் உறுதி சொல்ல வேண்டும் என்று முதல்வர் சொன்னார். நான் எழுந்தேன். செய்யாததற்கு எப்படி சார் உறுதி சொல்வது என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்பா எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே செய்ய மாட்டா சார். தப்பு எம்மேலதான். படிக்க முடியலன்னா வந்துருன்னு போன்ல சொல்லிட்டேன். அந்தப் பேச்சு பேசியிருக்கக் கூடாது. மனசு விட்டுட்டா. இனிமே நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் சார்."

மேடம், அந்த அறையில் இருந்தவர்களில் அவர் சொல்வது தவறு என்று முன்பே தெரிந்து வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். நானும் நீங்களும். எனக்கு அழுகையில் குரல் வரவில்லை. உங்களுக்கு என்ன வந்தது?

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். கேலியாகவோ கோபமாகவோ ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் இப்போது ஊரில் இருக்கிறேன். மூச்சு சரியாகிவிட்டது, மூன்று பந்தும் ஏறுகிறது. இரவில் தூங்குகிறேன். படபடப்பு எப்போதாவது வரும், மெதுவாக மூச்சை விட்டால் போய்விடும். விட்டுப்போன பரீட்சையை எழுதப் படிக்கிறேன். உடம்பைக் கேட்டால் தேறிவிட்டேன் என்றுதான் சொல்வேன். அப்பாவுக்குத்தான் சரியாகவில்லை. வீட்டில் இருந்த மருந்து டப்பாக்களை எல்லாம் கொண்டுபோய்ச் சித்தப்பா வீட்டில் வைத்துவிட்டார். காலையில் வெள்ளனே எழுந்து போய் அங்கிருந்து எடுத்து வருவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். நான் கொல்லைக்குப் போனால் ஏதாவது சோலி இருப்பது போல் பின்னாலேயே வருவார். அம்மா தேன்பூண்டு போடுவதை நிறுத்திவிட்டார். என் சால்வையை அடித்து அடித்துத் துவைத்து நூல் பிரிந்துவிட்டது. சாப்பாடு போட்டு வைத்துவிட்டு, "சாப்பிடுறியாம்மா செல்வராணி" என்று அப்பா கேட்கிறார். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி. என்னைத் திட்டுவதற்கு, கேலி பண்ணுவதற்கு, ஏலே என்று கூப்பிடுவதற்கு ஒரு அப்பா இருந்தார். என்னைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்கிறீர்களே, அவரைக் காணோம்.

நான் சொன்னால் நம்பமாட்டார். டாக்டர் சொல்லியும் நம்பவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவார். இந்த ஊரிலேயே, இந்த மலையிலேயே அவர் நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

அதனால் எனக்கு உங்கள் மன்னிப்பு வேண்டாம். தனியாகப் போன் போட்டுப் பேச வேண்டாம். யாரிடமாவது சொல்லி அனுப்பவும் வேண்டாம். எந்த மைக்கில் கிளாவரைப் பெண் என்று சொன்னீர்களோ, அதே மைக்கில், அதே பிள்ளைகளுக்கு முன்னால் பதில் சொல்லுங்கள். அவள் குடிக்கவில்லை, எனக்குத் தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை, அவள் அப்பா பேசிய பேச்சில் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லுங்கள். தேதியை நீங்களே குறியுங்கள். முதல் பஸ்ஸில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.